மக்தபில் ‘ஏன்?’ என்று கேட்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

மக்தப் எனும் ஓதுற பள்ளிகளில், மார்க்கக் கல்வியோடு சேர்த்துப் பிள்ளைகளைச் சிந்திக்கப் பழக்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. “எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான்னா, அல்லாஹ்வைப் படைச்சது யாரு?” என்று ஓதுற பள்ளியில் கேட்டிருக்கிறான். “இப்படிக் கேட்டா ஈமான் போயிடும்” என்று அதட்டி உட்கார வைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து ஓதப் போகவே மறுக்கிறான். நான் அவனுக்கு என்ன சொல்ல?
— ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: முதல் வேலை, பிள்ளையின் பயத்தைப் போக்குவது. ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவே அஞ்சுகிற எண்ணங்கள் மனதில் வருவதாக முறையிட்டார்கள். “அதுவே தெளிவான ஈமான்” என்று நபியவர்கள் சொன்னதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இதை மகனிடம் அப்படியே சொல்லுங்கள். நல்லவர்களுக்கும் இப்படிக் கேள்வி வந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அவன் கேட்ட அதே கேள்வியும் ஹதீஸில் உண்டு. ஷைத்தான் வந்து “இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார்” என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் “உன் இறைவனைப் படைத்தது யார்” என்பான்; அந்த இடம் வந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி. அதட்டுகிறவர்கள் இதைத்தான் ஆதாரமாக எடுக்கிறார்கள். ஆனால் இந்த ஹதீஸ் நிறுத்தச் சொல்வது, முடிவே இல்லாமல் பின்னால் ஓடும் அந்தச் சங்கிலியை. கேட்ட பிள்ளையை விரட்டும்படி அதில் எதுவும் இல்லை. சங்கிலி ஏன் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிய வைக்க முடியும்.

பேசத் தொடங்கும் முன் “இது உனக்கு எப்படித் தோணுச்சு?” என்று கேளுங்கள். பள்ளித் தோழன் சீண்டினானா, தானாகத் தோன்றியதா, இரவில் பயந்து யோசித்தானா என்பது தெரிய வேண்டும். பயந்த பிள்ளைக்கு அப்போது வாதம் உதவாது. பக்கத்தில் படுக்க வைத்து குல்ஹுவல்லாஹு சூராவை ஓதிக்கொடுத்து, பேச்சை மறுநாள் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் கேட்டிருந்தால் இப்படிப் போகலாம்:

“உன் வகுப்புல பேனா கேக்குற. ஒருத்தன், ‘எங்கிட்ட இல்ல, பக்கத்துல வாங்கித் தர்றேன்’ங்கிறான். அவனும் அதையே சொல்றான். எல்லாரும் இப்படியே சொன்னா பேனா உன் கைக்கு வருமா?”

“வராது.”

“சரி, வந்துடுச்சு. அப்படின்னா?”

“யாரோ ஒருத்தன்கிட்ட சொந்தமா இருந்திருக்கு.”

அந்தக் கடைசி வரியை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பொறுத்திருங்கள். பிறகு, பிறரிடமிருந்து இருப்பை வாங்காமல் தானாகவே இருப்பவனைத்தான் அல்லாஹ் என்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

சூட்டிகையான பிள்ளை, “அந்தச் சொந்தமா வச்சிருக்கறது சூரியனா இருந்தா என்ன?” என்று திருப்பிக் கேட்கலாம். நல்ல மறுப்பு. பாராட்டுங்கள். இப்ராஹீம் (அலை) நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மறைகிற எதுவும் இறைவனாக இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்ததைக் குர்ஆன் (6:76–79) சொல்கிறது. மாறுவதும் மறைவதும் தானாக நிற்கும் ஒன்றின் அடையாளமா என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். “பெரியவனானா புரியும்” என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம். “மிச்சத்தை வெள்ளிக்கிழமை பேசலாம்” என்று நாள் குறித்து, அந்த நாளில் கட்டாயம் பேசுங்கள்.

உஸ்தாதிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். பிள்ளை முன்னால் அவரைக் குறை சொன்னால் கேள்வியும் போகும், ஓதலும் போகும்.

*

கேள்வி: தத்துவம் என்றாலே வழிதவறல் என்றுதான் கேட்டு வளர்ந்தோம். இமாம் கஸ்ஸாலியே தத்துவவாதிகளை மறுத்தவர். அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகலாமா?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்: இஸ்லாமியப் பேரறிஞர் கஸ்ஸாலி (ரஹ்) எதை மறுத்தார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தத்துவவாதிகளின் முடிவுகளில் 20-ஐ எடுத்து மறுத்தார். உலகத்துக்குத் தொடக்கம் இல்லை என்பது, அல்லாஹ் தனித்தனிப் பொருள்களை அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுவதை மறுப்பது ஆகிய மூன்றை இறைமறுப்பு என்றார். சிந்திக்கும் கருவியான தர்க்கத்தை அவர் மறுக்கவே இல்லை. தர்க்கத்துக்குத் தனி நூல்கள் எழுதினார். உஸூலுல் ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகள்) எழுதிய பெருநூலின் முகப்பிலேயே அதை வைத்து, இதை அறியாதவரின் அறிவில் நம்பிக்கை வைக்க முடியாது என்றும் எழுதினார். கணக்கிட்டு நிரூபிக்கப்பட்ட கிரகணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்பதும் அவர் வாக்குதான். நம் ஆலிம்கள் படித்துவரும் தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்தில் மன்திக் (தர்க்கம்) ஒரு பாடமாக இருப்பதும் இந்த வழியில் வந்ததே.

பிள்ளைகளுக்கு அவர் சொன்ன வரிசை இது: முதலில் மனனம், அடுத்து விளக்கம், அதன்பின் உறுதி. நம் மக்தபுகள் முதல் படியை மிக நன்றாகச் செய்கின்றன. காயிதா, சூரா, துஆ எல்லாம் பிசகாமல் வருகிறது. இரண்டாம் படிக்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை. நாம் கேட்பது அந்த இரண்டாம் படியை. பாமர மக்களை நுட்பமான கலாம் (இறையியல்) சர்ச்சைகளுக்குள் இழுக்கக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். அதையும் மதிக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அல்லாஹ்வின் ஸிஃபத்துகளை (பண்புகளை)ப் பற்றிய வாதங்களை விரிப்பவர் சிந்திக்கக் கற்றுத்தரவில்லை, குழப்புகிறார்.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) சொன்னதும் இங்கே பொருந்தும். தம் காலத்தில் மக்ரிப் (மொராக்கோ) பகுதி மாணவர்கள் மதரசாவில் 16 ஆண்டு இருந்தார்கள், தூனிஸில் 5 ஆண்டு போதுமாக இருந்தது. வாய் திறக்காமல் பாடம் கேட்டு மனனத்திலேயே காலம் கழித்தவர்களுக்குப் பேசவும் எடுத்துச்சொல்லவும் திறமை வரவில்லை என்கிறார். அந்தத் திறமைக்கு எளிய வழியாக அவர் காட்டுவது கலந்துரையாடல்.

தமிழுக்கும் இது அன்னியமில்லை. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா, அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்க நபியவர்கள் விடையளிப்பதாக அமைந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மசலாவில் விடையோடு பேச்சு முடியும். நாம் செய்யப்போவதில் விடைக்கு அடுத்து “ஏன்?” என்று இன்னொரு கேள்வி வரும்.

இன்று உலகில் நடக்கும் சிறுவர் தத்துவ வகுப்புகளின் வடிவம், 1970-களில் அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் உருவாக்கியது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒரு கதையைப் படித்து, தாங்களே கேள்வி எழுப்பிச் சேர்ந்து ஆராய்வார்கள். மலேசியாவில் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ரோஸ்னானி ஹாஷிம் இந்த முறையை எடுத்து இஸ்லாமியக் கல்விக்கு ஏற்றபடி வளர்த்திருக்கிறார். கதை எங்கிருந்து வருகிறது, எல்லை எது என்பதை நாம் முடிவு செய்யலாம். வட்டம் யாருக்கும் சொந்தமில்லை.

*

கேள்வி: மஃரிபுக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 30 பிள்ளைகள். பாடம் கேட்கவே நேரம் போதவில்லை. இதில் எங்கே சிந்தனை வகுப்பு? நடைமுறையைச் சொல்லுங்கள்.
— ஒரு மக்தப் உஸ்தாத், வாணியம்பாடி

பதில்: தினமும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், பின்பாடம் (பழைய பாடம்) கேட்கும் நாளில், 40 நிமிடம் போதும். முப்பது பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஐந்து பேர்தான் பேசுவார்கள். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 12 முதல் 15 பேர் ஒரு வட்டம். மற்றவர்களுக்கு மூத்த மாணவர் ஒருவர் பின்பாடம் கேட்கட்டும். மேலும் பிள்ளைகள் இருந்தால் வாரம் விட்டு வாரம் மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வட்டம் தேவையில்லை, கதை சொல்லி “நீயா இருந்தா என்ன செய்வே?” என்று கேட்டாலே போதும்.

பாயில் வட்டமாக உட்காருங்கள், நீங்களும் அதே பாயில். நாற்காலியில் உஸ்தாத் இருந்தால் எல்லாப் பதிலும் நாற்காலியைப் பார்த்தே வரும்.

முதல் வகுப்புக்கு தாவூத் (அலை), சுலைமான் (அலை) தீர்ப்பை (21:78–79) எடுங்கள். இரவில் ஒருவருடைய ஆடுகள் இன்னொருவர் பயிரில் புகுந்து மேய்ந்துவிட்டன. இதுவரை சொல்லி நிறுத்திவிடுங்கள். தீர்ப்பைச் சொல்லாதீர்கள். இதற்கு 5 நிமிடம். அடுத்த 3 நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு 5 நிமிடம் இரண்டிரண்டு பேராகப் பேசி, ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேள்வி சொல்லட்டும். “ஆட்டுக்குத் தெரியாதே, அது குத்தமா?”, “காவல் காக்காதவர் யார்?”, “பயிர் போனா எதை வச்சு ஈடு கட்டுறது?” என்கிற மாதிரி வரும். சொன்ன பிள்ளையின் பெயரோடு பலகையில் எழுதி, கை தூக்கச் சொல்லி ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க 5 நிமிடம். பேச்சுக்கு 12 நிமிடம். ஒரே விதி: யார் எதைச் சொன்னாலும் “ஏன்னா” என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். மறுப்பவர், முன்னால் பேசியவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் தீர்ப்புகள், 7 நிமிடம். தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) வருகிறபடி, தாவூத் (அலை) ஆடுகளைப் பயிர்க்காரருக்கே கொடுக்கச் சொன்னார்கள். சுலைமான் (அலை) சொன்னது வேறு: ஆடுகள் பயிர்க்காரரிடம் இருக்கட்டும், பாலையும் ரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும், ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், அதன்பின் அவரவர் உடைமை அவரவருக்கு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பயிர்க்காரருக்கு நிலம் போகவில்லை, விளைச்சல்தான் போனது. அதனால் ஆட்டுக்காரரும் ஆட்டை இழக்காமல் ஆட்டின் பலனை மட்டும் இழக்கிறார். பத்து வயதுப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடிப்பார்கள், ஆனால் நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. சுலைமானுக்கு அதை விளங்க வைத்தோம் என்று சொல்லும் அதே வசனம், இருவருக்கும் ஞானமும் கல்வியும் தந்தோம் என்றும் சொல்கிறது. ஒருவர் கருத்தை விடச் சிறந்த கருத்து வரலாம், அதனால் முதலாமவர் மதிப்புக் குறையாது என்பதை இந்த ஒரு வசனம் போலக் கற்றுத்தர வேறு எதுவும் தேவையில்லை. மீதி 3 நிமிடத்தில், “யாருக்கு எண்ணம் மாறியது, எந்தக் காரணத்தால்?” என்று மட்டும் கேளுங்கள்.

என்ன தவறிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், சரியான விடை எது என்று ஊகிக்கத்தான் இதுவரை பழகியிருக்கிறார்கள். “மாஷா அல்லாஹ், சரி” என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பாராட்ட வேண்டுமானால் காரணத்தைப் பாராட்டுங்கள். கேள்வி கேட்டபின் மௌனம் வந்தால் பதறி நீங்களே விடை சொல்வீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இரண்டு பேர் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். ஆளுக்கு மூன்று பேரீச்சங்கொட்டை கொடுத்து, பேசும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லுங்கள், தீர்ந்தால் கேட்க மட்டும். அணி பிரித்துப் பட்டிமன்றம் ஆக்கிவிடாதீர்கள். தன் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளாது.

அடுத்தடுத்த வாரங்களுக்கு: இப்ராஹீம் (அலை) சிலைகளை உடைத்துவிட்டு “பெரியதுதான் செய்தது, இவற்றிடமே கேளுங்கள்” என்றது (21:57–67). பத்து வயதுக்கு மேல், பனூ குரைழா குலத்தாரிடம் போய்ச் சேரும் முன் அஸர் தொழ வேண்டாம் என்ற கட்டளையை ஒரு சாரார் சொல்லின்படியும் மற்றவர்கள் நோக்கத்தின்படியும் எடுத்துக்கொண்டதும், நபி (ஸல்) இரு சாராரையும் கண்டிக்காததும். மூஸா (அலை), ஹிள்ரு (அலை) நிகழ்ச்சியை (18:60–82) பன்னிரண்டு வயதுக்கு முன் வட்டத்தில் வைக்க வேண்டாம். அதில் சிறுவன் கொல்லப்படுவது சின்னப் பிள்ளைகள் மனதில் வேறுவிதமாக உட்கார்ந்துவிடும்.

*

கேள்வி: எல்லாவற்றையும் கேள்விக்கு விட்டால் நாளை “தொழணுமா வேண்டாமா” என்றும் ஓட்டெடுப்பு நடத்துவார்களே?
— ஜமாஅத் நிர்வாகி ஒருவர், காயல்பட்டினம்

பதில்: நடத்தக் கூடாது. விடை முடிவான ஒன்றைத் திறந்த கேள்வி போல வைத்து, கடைசியில் “பார்த்தீர்களா, தொழத்தான் வேண்டும்” என்று முடிப்பது பிள்ளைகளை ஏமாற்றுவது. அவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள். அடுத்த வாரம் ஒருவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

கேள்வியைப் பலகையில் எழுதியதும், அது எந்த வகை என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். மஃரிபுக்கு எத்தனை ரக்அத் என்பது கிதாபைப் பார்த்து அறிவது. பிறை ஏன் தேய்கிறது என்பது வானத்தைப் பார்த்து அறிவது. மனம் எங்கோ அலைந்த தொழுகையும் தொழுகைதானா, மன்னித்தவர் மறக்கவும் வேண்டுமா, கடைக்காரர் கவனிக்காமல் மிச்சம் அதிகம் கொடுத்தால் அது யாருடையது என்பவற்றில் சிலவற்றுக்கு ஃபிக்ஹில் சட்டம் உண்டு, ஆனால் ‘ஏன்’ என்பது யோசித்து அறிய வேண்டியது. ரூஹை (உயிரை)ப் பற்றிக் கேட்டபோது “குறைந்த அறிவே உங்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது” (17:85) என்று வந்தது மாதிரி, அறிவின் எல்லைக்கு அப்பாலுள்ளவையும் உண்டு. இந்த நான்காகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை எதற்கும் ஓட்டெடுப்பு கேட்காது. சிந்தனை வகுப்பில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பிரிப்புத்தான்.

*

கேள்வி: அஹதிய்யாவில் (ஞாயிறு மார்க்கப் பள்ளியில்) 14, 15 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். “எல்லாம் எழுதியாச்சு என்றால் நான் ஏன் படிக்க வேணும்?” என்று கேட்கிறார்கள். ஹராமா ஹலாலா என்பதைத் தாண்டி யோசிக்கவும் மாட்டேன் என்கிறார்கள்.
— ஓர் ஆசிரியை, இலங்கை

பதில்: தக்தீர் (விதி) பற்றிய கேள்வியை ஸஹாபாக்களே கேட்டார்கள்: எழுதப்பட்டதை நம்பி அமலை விட்டுவிடலாமா? “செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் அவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும்” என்பது நபிமொழி. இதோடு உமர் (ரலி) ஷாம் (சிரியா) பயணத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பிய நிகழ்ச்சியையும் கொடுங்கள். “அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?” என்று அபூ உபைதா (ரலி) கேட்டார். “ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதியை நோக்கி” என்ற உமர் (ரலி), ஒரு பக்கம் செழிப்பும் மறு பக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எங்கே மேய்த்தாலும் அது விதிப்படியே அல்லவா என்று திருப்பிக் கேட்டார். இந்த வாதத்தை இரு தரப்பாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த வயதில் முனாழரா எனும் வாதக் கலையின் மூன்று கருவிகளைக் கற்றுத்தரலாம். எதிராளியின் ஒரு கூற்றைக் காட்டி “இதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்பது மன்உ. “உங்கள் ஆதாரத்தை ஏற்றால் இந்தத் தவறான முடிவும் வருமே” என்று காட்டுவது நக்ள். அவர் ஆதாரத்தைத் தொடாமல், அவர் முடிவுக்கு எதிரான முடிவுக்கு வேறு ஆதாரம் கொண்டுவருவது முஆரளா. மாணவர் கேட்ட “எல்லாம் எழுதியாச்சு என்றால் படிப்பு எதற்கு?” என்பதற்கு நக்ள்: “அப்படியானால் சாப்பாடு எதற்கு?” வாரத்துக்கு ஒரு கருவி, அதற்கு மூன்று பயிற்சி. மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் பெயர்கள்தான் மிஞ்சும்.

ஹராம், ஹலாலைத் தாண்ட ஒரு கேள்வி: பொய் தீயது என்பதால் அல்லாஹ் தடுத்தானா, அல்லாஹ் தடுத்ததால் தீயதா? நன்மை தீமை ஷரீஅத் சொல்லித்தான் அறியப்படும் என்பது அஷ்அரீ வழி. சிலவற்றின் நன்மை தீமையை அறிவே கண்டுகொள்ளும் என்பது மாதுரீதீ வழி. அஹ்லுஸ் ஸுன்னா எனும் சுன்னி மரபுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால் இதை உண்மையாகவே திறந்து வைக்கலாம். இரண்டு வகுப்பாவது எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், நீங்கள் மற்ற பக்கத்தின் வலுவான வாதத்தை எடுத்து வையுங்கள்.

*

கேள்வி: என் மகள் வட்டத்தில் வாயே திறப்பதில்லை. கட்டாயப்படுத்தலாமா?
— ஒரு தாய், அதிராம்பட்டினம்

பதில்: வேண்டாம். இலை உதிராத, முஸ்லிமுக்கு ஒப்பான மரம் எது என்று நபி (ஸல்) கேட்டபோது, பேரீச்சை என்று இப்னு உமர் (ரலி) மனதுக்குத் தெரிந்தது. பெரியவர்கள் இருந்ததால் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பிறகு தந்தையிடம் சொன்னபோது, “நீ சொல்லியிருந்தால் எனக்கு மிகவும் பிடித்திருக்கும்” என்றார் உமர் (ரலி). அமைதியாக இருக்கும் பிள்ளை யோசிக்கவில்லை என்று பொருளில்லை. ஜோடியாகப் பேசும் 5 நிமிடத்தில் அவள் பேசுகிறாளா என்று உஸ்தாதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே பேசினால் ஜோடிப் பிள்ளை, “இவ இப்படிச் சொன்னா” என்று வட்டத்தில் எடுத்துச் சொல்லட்டும். வகுப்பு முடிந்த அன்று இரவு, “இன்னிக்கு யார் சொன்னது உனக்குச் சரின்னு பட்டுச்சு?” என்று நீங்கள் கேளுங்கள். “நீ ஏன் பேசலை?” என்று கேட்காதீர்கள்.

*

கேள்வி: இதற்கு மார்க் போட முடியாது. பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்று பெற்றோருக்கு எப்படிக் காட்டுவது?
— மக்தப் கமிட்டி உறுப்பினர், மேலூர்

பதில்: பரீட்சை வைக்காதீர்கள், வைத்தால் மறுபடியும் மனனம்தான் வரும். ஒரு நாற்பது பக்க நோட்டில் வட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் காரணம் சொன்னார்கள், எத்தனை பேர் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுத்தார்கள், எண்ணம் மாறியதாக யார் சொன்னார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பலகையில் வந்த கேள்விகளையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். முதலில் “தெரியாம செஞ்சா பாவமா?” என்று ஒரு வரியில் கேட்ட பிள்ளை, பிறகு “தெரியாம செஞ்சது வேற, தெரிஞ்சுக்க முயற்சியே பண்ணாதது வேற இல்லையா?” என்று கேட்டிருந்தால், பெற்றோருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. எண்ணிக்கை ஏறாத மாதத்தில் பெரும்பாலும் பேசியது நீங்களாக இருக்கும். அந்த மாதம் உங்கள் பேச்சையும் ஒரு பிள்ளையை விட்டு எண்ணச் சொல்லுங்கள்.